பாடநூலில் பரிணாமம்: நூறாண்டு வழக்கும் ஓசையற்ற நீக்கமும்

சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வெளிவந்தது. உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்து வந்தவை என்ற கருத்தை அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் உயிரியலாளர்கள் பெருமளவில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாற்றத்தின் முதன்மையான விசை இயற்கைத் தேர்வுதானா என்ற சர்ச்சை மேலும் நீடித்தது. 1930-களிலும் 40-களிலும் மரபியலும் டார்வினியமும் ஒன்றுசேர்ந்த பிறகு அதுவும் பெரும்பாலும் அடங்கியது.

ஆய்வுக்கூடத்தில் முடிந்த விவாதம் பள்ளிக்கூட வாசலில் முடியவில்லை. பதினைந்து வயது மாணவருக்குப் பரிணாமத்தைக் கற்பிக்கலாமா? வீட்டில் கேட்ட படைப்புக் கதையையும் அதே வகுப்பில் சேர்த்துச் சொல்ல வேண்டுமா? பாடநூலில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது விஞ்ஞானியா, பெற்றோரா, சட்டமன்றமா, நீதிமன்றமா? இந்தக் கேள்விகளுக்கு நூறு ஆண்டுகளில் பல விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. படைப்புவாதம் பாடநூலுக்குள் நுழைய முயன்ற இடங்களில் வழக்கும் தீர்ப்பும் தலைப்புச் செய்தியும் உண்டாயின. பரிணாமம் பாடநூலிலிருந்து வெளியேறிய இடங்களில் பெரும்பாலும் அவ்வளவு சத்தம் எழவில்லை. கூடுதல் கவனம் பெற வேண்டியது இந்த இரண்டாவது வகைதான்.

தடை: வரி கட்டுபவர் சொல்வதே பாடம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1925 மார்ச்சில் பட்லர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விவசாயியான சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஷிங்டன் பட்லர் கொண்டுவந்த சட்டம் அது. பைபிள் சொல்லும் தெய்வீகப் படைப்பை மறுத்து, மனிதர் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவர் என்று அரசு நிதி பெறும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்பிப்பது குற்றம் என்றது. செடிகொடிகளின் பரிணாமத்துக்கு அதில் தடையில்லை. மனிதரைப் பற்றிப் பேசுவதற்கு மட்டுமே தடை.

டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் இந்தச் சட்டத்தைச் சோதிப்பதற்காகவே வழக்கில் நிற்கச் சம்மதித்தார். 1925 ஜூலையில் நடந்த விசாரணையில் அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோவும் வாதிட்டார்கள். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அபராதத் தொகையை ஜூரி நிர்ணயிக்காமல் நீதிபதியே நிர்ணயித்தார் என்ற நடைமுறைப் பிழைதான் காரணம். சட்டம் அப்படியே நின்றது. 1967 வரை நீக்கப்படவில்லை.

பிரையன் மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர். வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவருடைய நிலைப்பாட்டை வெறும் மதப்பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் இரண்டு சரடுகள் இருந்தன. ஒன்று, பள்ளிக்கூடம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பதால் அங்கே எதைக் கற்பிப்பது என்று சொல்லும் உரிமை மக்களுக்கே உண்டு என்ற ஜனநாயக வாதம். மற்றொன்று, வலியவரே வாழ்வார் என்ற சிந்தனை சமூகத்தையும் போரையும் எங்கே கொண்டுபோய் விடும் என்ற அச்சம். முதல் உலகப்போரில் ஜெர்மானிய ராணுவ அதிகாரிகளோடு பேசிய அனுபவத்தை விலங்கியலாளர் வெர்னன் கெல்லாக் 1917-இல் நூலாக எழுதியிருந்தார். அந்த நூல் பிரையனின் அச்சத்தை வலுப்படுத்தியது.

அந்த அச்சத்துக்கு முற்றிலும் ஆதாரமில்லை என்று சொல்ல இயலாது. ஸ்கோப்ஸ் வழக்கில் அடிபட்ட பாடநூல் ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் 1914-இல் எழுதிய ‘குடிமை உயிரியல்’. டென்னசி அரசே பள்ளிகளுக்குப் பரிந்துரைத்திருந்த புத்தகம் அது. அதில் பரிணாமம் சில பக்கங்களில் வருகிறது. கூடவே மனித குலம் ஐந்து இனங்களாகப் பிரிக்கப்பட்டு, வெள்ளையர் மிக உயர்ந்தவராக வைக்கப்படுகிறார்கள். ‘தகுதியற்ற’ குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டியல் கருத்தும் அறிவியல் பாடமாகவே அச்சேறியிருந்தது. பட்லர் சட்டம் இந்தப் பக்கங்களைத் தொடவில்லை. எதிர்த்து வழக்காடியவர்களும் இதை மையக் கேள்வியாக்கவில்லை.

தடை நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படையானது. ஒரு சமயப் பிரிவின் வேத விளக்கத்தை எல்லோருடைய பிள்ளைகளுக்கும் எல்லையாக அது வைத்தது. பள்ளியை நடத்தும் உரிமை பெரும்பான்மைக்கு இருக்கலாம். இயற்கையில் என்ன நடந்தது என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய இயலாது. அதே நேரத்தில் ஹண்டரின் பாடநூல் மறுபுறத்துக்கும் ஓர் எச்சரிக்கை. நிபுணர் எழுதினார், அரசு ஏற்றது என்பதாலேயே ஒரு பாடநூல் குறைகூற முடியாததாகி விடாது.

தீர்ப்புக்குப் பின் பதிப்பாளர் எடுத்த முடிவு

மிசிசிப்பி 1926-இலும் ஆர்கன்சா 1928-இலும் இதேபோன்ற தடைகளைக் கொண்டுவந்தன. மற்ற மாநிலங்களில் சட்டம் இல்லை. ஆனாலும் பாடநூல்கள் மாறின. ஹண்டரே 1926-இல் வெளியிட்ட புதிய பதிப்பில் பரிணாமம் பற்றிய பகுதி அகற்றப்பட்டிருந்தது. ஒரு மாநிலத்தில் விற்க முடியாத புத்தகத்தை மற்ற மாநிலங்களுக்கென்று தனியாக அச்சிடுவது பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. எல்லா ஊரிலும் விற்கக்கூடிய புத்தகம் என்றால், யாரையும் உறுத்தாத புத்தகம் என்றே ஆயிற்று.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் வரலாற்றாளர்கள் உடன்படவில்லை. ஸ்கோப்ஸ் வழக்கு பரிணாமத்தைப் பாடநூல்களிலிருந்து ஏறக்குறைய துரத்திவிட்டது என்று ஜூடித் கிராபினரும் பீட்டர் மில்லரும் 1974-இல் ‘சயன்ஸ்’ இதழில் வாதிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இதைத் திருத்துகின்றன. எல்லா தியா ஸ்மித் என்ற ஆசிரியை எழுதிய பாடநூல்கள் அந்தக் காலத்திலும் பரிணாமத்தைப் பேசின என்பதை ரொனால்ட் லாடுசூர் 2008-இல் எடுத்துக்காட்டினார். ஆக, முழு இருட்டு என்று சொல்வது மிகையாக இருக்கலாம். சந்தை அச்சம் பலருடைய எழுத்தை அடக்கி வைத்தது என்ற அளவில் பெரிய கருத்து வேறுபாடில்லை.

மாற்றம் வந்தது வெளியிலிருந்து. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா தன் அறிவியல் கல்வியைப் புரட்டிப் பார்த்தது. அரசு நிதியில் இயங்கிய உயிரியல் பாடத்திட்டக் குழு 1963-இல் வெளியிட்ட புதிய பாடநூல்கள் பரிணாமத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டன. லிட்டில் ராக் நகரப் பள்ளிகள் பரிணாமம் உள்ள புதிய பாடநூலை ஏற்றபோது, சூசன் எப்பர்சன் என்ற ஆசிரியைக்கு ஒரு நெருக்கடி ஏற்பட்டது. கொடுத்த நூலை நடத்தினால் 1928-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி; நடத்தாவிட்டால் பள்ளியின் கட்டளையை மீறியவர். அவர் தொடுத்த வழக்கில் 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடைச் சட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு அவை முரணானவை என்பது தீர்ப்பு.

சம நேரம்

தடை செய்ய முடியாது என்றானதும் கோரிக்கை மாறியது. பரிணாமம் இருக்கட்டும், அதன் பக்கத்தில் படைப்பையும் வையுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். இதற்கான அடித்தளம் 1961-இலேயே போடப்பட்டிருந்தது. ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் எழுதிய ‘ஆதியாகம வெள்ளம்’ என்ற நூல் பாறை அடுக்குகளையும் புதைபடிவங்களையும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தால் விளக்கியது. மோரிஸ் நீர்ப் பொறியியல் படித்தவர். பைபிள் வசனங்களைத் தவிர்த்து, பூமியின் இளவயது, வெள்ளம், தனித்தனிப் படைப்பு ஆகியவற்றை அறிவியல் மொழியில் சொல்லும் ‘படைப்பு அறிவியல்’ இந்த வழியில் உருவானது.

1981-இல் ஆர்கன்சாவும் லூசியானாவும் சமநிலைச் சட்டங்களை இயற்றின. இரு தரப்பையும் சொல்லி மாணவரையே முடிவெடுக்க விடலாம் என்ற வாதம் கேட்பவருக்கு நியாயமாகத் தோன்றியது. அதன் வலிமையே அதுதான். ஆர்கன்சா வழக்கில் சட்டத்தை எதிர்த்து முன்னின்றவர் வில்லியம் மெக்லீன் என்ற மெதடிஸ்ட் போதகர். கத்தோலிக்க, எபிஸ்கோபல், மெதடிஸ்ட் ஆயர்களும் யூத அமைப்புகளும் அவரோடு நின்றார்கள். மதம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்ற எளிய படம் அந்த நீதிமன்றத்தில் பொருந்தவில்லை. தங்கள் நம்பிக்கையை அரசு ஆய்வுக்கூடச் சரக்காக்குவதை அந்த மதத்தலைவர்களே விரும்பவில்லை.

நீதிபதி வில்லியம் ஓவர்டன் 1982 ஜனவரி 5 அன்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். லூசியானா சட்டம் 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்ற கணக்கில் வீழ்ந்தது. அந்த வழக்கில் நோபல் பரிசு பெற்ற 72 விஞ்ஞானிகள் பரிணாமத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்ட மனு தாக்கலானது.

சம நேரம் என்ற வாதத்தின் குறை அதன் கணக்கில் இருக்கிறது. உலகில் படைப்புக் கதைகள் இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒன்றை மட்டும் எடுத்து எதிர்த்தட்டில் வைப்பதை நடுநிலை என்று சொல்ல முடியாது. தவிரவும், பரிணாமத்தில் ஓர் இடைவெளியைக் காட்டினால் படைப்பு தானாக நிரூபணமாகிவிடும் என்ற தர்க்கம் அந்தச் சட்டங்களுக்கு அடியில் இருந்தது. ஒரு விடை தவறு என்பதால் கைவசமுள்ள மற்றொரு விடை சரியாகிவிடாது.

வடிவமைப்பு: புதிய பெயரும் பழைய கையெழுத்துப் பிரதியும்

1987 தீர்ப்புக்குப் பின் படைப்பாளரின் பெயரைச் சொல்லாமல், உயிரின் சிக்கலுக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வாதம் முன்னுக்கு வந்தது. உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996-இல் எழுதிய நூல் இதற்கு வலுச்சேர்த்தது. சில பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் சாட்டையிழையில் ஒரு பாகத்தை எடுத்தாலும் முழு இயக்கமும் நின்றுவிடும். எனவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பது அவர் வாதம்.

பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் 2004 அக்டோபரில் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமத்தைத் தொடங்குமுன், அது வெறும் கோட்பாடு, அதில் இடைவெளிகள் உள்ளன, மாற்று விளக்கத்துக்கு ‘பாண்டாக்களும் மனிதர்களும் பற்றி’ என்ற நூலைப் பார்க்கலாம் என்று ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள்.

அந்த விசாரணையில் நூலின் அச்சுக்கு முந்தைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் ‘படைப்புவாதிகள்’ என்றிருந்த இடங்களில் பிந்தைய வரைவில் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்று மாற்றப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மாற்றியவர் பழைய சொல்லை முழுதாக அழிக்கவில்லை. ஆங்கில மூலத்தில் பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் அப்படியே நிற்க, நடுவில் புதிய சொற்கள் செருகப்பட்டு, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல் உருவாகியிருந்தது. பெயர் மாறியது, சரக்கு மாறவில்லை என்பதற்கு அந்த ஒரு வரி ஆவணச் சான்றாயிற்று.

அறிவியல் தளத்திலும் வாதம் நிற்கவில்லை. சாட்டையிழையின் புரதங்களில் ஒரு பகுதியை ஒத்தவை வேறு பாக்டீரியாக்களில் நச்சை உட்செலுத்தும் ஊசிபோன்ற அமைப்பாகத் தனியே இயங்குவதை உயிரியலாளர் கென்னத் மில்லர் விளக்கினார். பாகம் குறைந்தால் பயனே இல்லை என்ற கூற்று அங்கே பிசகியது. நோயெதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் விடையில்லை என்று பீஹி சொன்னபோது, அதைப் பற்றி வெளியான 58 ஆய்வுக் கட்டுரைகளும் பல நூல்களும் அவர் முன் அடுக்கி வைக்கப்பட்டன. அவை போதுமானவை அல்ல என்பது அவர் பதில்.

குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில் அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது என்றார். அதற்கு முந்தைய மாதமே அந்த வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேர் உள்ளூர்த் தேர்தலில் தோற்றிருந்தார்கள். பள்ளி மாவட்டம் செலுத்த வேண்டிய வழக்குச் செலவு பத்து லட்சம் டாலர் அளவில் முடிந்தது.

இதற்கிடையே மெலிதான உத்திகளும் தோன்றின. ஜார்ஜியா மாநிலத்தின் காப் மாவட்டம் 2002-இல் 30,000-க்கும் மேற்பட்ட பாடநூல்களின் உள்ளட்டையில் பரிணாமம் ஒரு கோட்பாடே தவிர உண்மையல்ல என்று ஒட்டுத்தாள் ஒட்டியது. வழக்குக்குப் பின் அவை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கப்பட்டன. லூசியானா 2008-இலும் டென்னசி 2012-இலும் இயற்றிய சட்டங்கள் படைப்பு என்றோ வடிவமைப்பு என்றோ எதையும் கட்டாயமாக்குவதில்லை. பரிணாமம், பருவநிலை மாற்றம் போன்றவற்றை ஆசிரியர் ‘விமர்சன நோக்கில்’ நடத்தலாம் என்று மட்டும் சொல்கின்றன. வழக்காடுவதற்குப் பிடி கொடுக்காத சொற்கள் அவை.

அறிவியல் எது என்று யார் சொல்வது?

நீதிமன்ற வெற்றிகளுக்கு உள்ளேயே ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. தவறென்று காட்டப்படக்கூடியதாக இருப்பதே அறிவியலின் அடையாளம் என்ற கார்ல் பாப்பரின் அளவுகோலை ஓவர்டன் தீர்ப்பு பயன்படுத்தியது. அதை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தவர் தத்துவவாதி மைக்கேல் ரூஸ். பாப்பரே ஒரு காலத்தில் இயற்கைத் தேர்வைச் சோதிக்க முடியாத கருத்து என்று கருதி, 1978-இல் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டவர்.

அறிவியல் தத்துவவாதி லாரி லாடன் வேறு கோணத்தில் ஆட்சேபித்தார். அவர் படைப்புவாதத்தின் நண்பர் அல்லர். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்பது சோதிக்கக்கூடிய கூற்றுதான். சோதித்துத் தவறென்று கண்டாயிற்று. அப்படியிருக்க, அதை ‘அறிவியல் அல்ல’ என்று வகைப்படுத்துவதைவிட ‘தவறான கூற்று’ என்று சொல்வதே நேர்மையானது என்றார். சட்டத்தின் பார்வையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தவறான அறிவியலைக் கற்பிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. மதத்தை அரசு பரப்பக் கூடாது என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வழக்கறிஞருக்குப் படைப்புவாதம் மதம் என்று காட்டுவது தேவை. விஞ்ஞானிக்கு அது பொய் என்று காட்டினால் போதும். இந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

ஒத்துப்போகும் வழிகள்

மோதலே தேவையில்லை என்ற நிலைப்பாட்டுக்கும் நீண்ட மரபு உண்டு. மனித உடலின் தோற்றம் குறித்த ஆய்வைக் கத்தோலிக்கத் திருச்சபை தடுக்கவில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் எழுதினார். பரிணாமம் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று 1973-இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். மதமும் அறிவியலும் வெவ்வேறு அதிகார எல்லைகளைக் கொண்டவை என்று 1997-இல் ஸ்டீபன் ஜே குல்ட் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். கடவுள் உலகில் தலையிடுகிறார் என்பதே இயற்கை பற்றிய ஒரு கூற்றுதானே என்று ரிச்சர்ட் டாக்கின்ஸ் போன்றோர் இதை மறுக்கிறார்கள். வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புபவர்களும் இந்தப் பாகப்பிரிவினையை ஏற்பதில்லை.

வகுப்பறைக்கு நெருக்கமான கேள்வியை எழுப்பியவர் மைக்கேல் ரைஸ். லண்டன் ராயல் சொசைட்டியின் கல்வி இயக்குநரும் ஆங்கிலிகன் குருவுமான அவர், படைப்புவாத நம்பிக்கையோடு வரும் மாணவரின் கேள்வியை ஒதுக்கித் தள்ளாமல் பேச வேண்டும் என்று 2008-இல் சொன்னார். படைப்புவாதத்தைப் பாடமாக்கச் சொல்கிறார் என்று அது செய்தியாயிற்று. அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் எழுப்பிய கற்பித்தல் கேள்வி அதோடு முடங்கிப்போனது.

இந்தியாவில் ஒத்துப்போதல் வேறு உருவம் எடுக்கிறது. மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனம் என்ற வரிசையே பரிணாமம்தான் என்ற விளக்கம் பலர் கேட்டது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், தசாவதாரம் டார்வினைவிட மேலான விளக்கம் என்ற அளவுக்குப் போனார். பக்தருக்குப் பரிணாமத்தின் மீதுள்ள அந்நியத்தன்மையைக் குறைப்பது இந்த விளக்கத்தின் பயன். ஆனால் அவதாரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல; இடையில் மாறுபாடும் இல்லை, தேர்வும் இல்லை. வரிசை ஒத்திருப்பதைக் கொண்டு செயல்முறையும் ஒன்று என்று மாணவர் நினைத்தால், பரிணாமத்தைப் படித்தும் படிக்காதவராகவே ஆகிவிடுவார்.

துருக்கியும் கொரியாவும்

படைப்புவாதம் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளின் தனிச்சொத்து அல்ல. துருக்கியில் 1980-களின் நடுவில் கல்வி அமைச்சகமே அமெரிக்கப் படைப்புவாத அமைப்பின் எழுத்துகளை மொழிபெயர்க்கச் செய்து பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. பாடநூல்களில் படைப்புவாதமும் இடம்பெற்றது. கிறித்தவ அடிப்படைவாதச் சரக்கு இஸ்லாமியப் பெரும்பான்மை நாட்டில் எளிதாக ஏற்கப்பட்டது. 2017-இல் துருக்கி அடுத்த அடியை வைத்தது. உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. இது சர்ச்சைக்குரியது, புரிந்துகொள்ளும் பின்னணி அந்த வயது மாணவருக்கு இல்லை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். டார்வின் தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும் என்றார்கள்.

தென்கொரியாவில் நடந்தது இதற்கு நேரெதிரான முடிவு. 2012-இல் பாடநூல் திருத்தத்துக்கான ஒரு படைப்புவாதக் குழு, ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸ், குதிரையின் பரிணாமம் ஆகிய இரண்டு எடுத்துக்காட்டுகளைக் குறிவைத்து மனு கொடுத்தது. பாடநூலில் இருந்த விளக்கம் பழையதாகிவிட்டது என்பதே மனுவின் பிடிமானம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. குதிரையின் வரலாற்றை நேர்கோடாக வரைவதைத் தொல்லுயிரியலாளர்கள் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். பதிப்பாளர்கள் அந்தப் பகுதிகளை நீக்க முன்வந்தார்கள். செய்தி வெளியே கசிந்து உயிரியலாளர்கள் கொதித்தெழுந்த பின், அரசு கொரிய அறிவியல் தொழில்நுட்ப அகாடமியிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பரிணாமம் கட்டாயம் இருக்க வேண்டும், எடுத்துக்காட்டுகளை இன்றைய அறிவுக்கேற்பப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

இந்தியா: பாடச்சுமை என்ற காரணம்

2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. பாடநூலில் அப்போது ஒரு வரியும் மாறவில்லை.

மாற்றம் வேறு வழியில் வந்தது. மத்திய வாரியப் பள்ளிகளுக்கான பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி., கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லா வகுப்புப் பாடநூல்களையும் ‘சீரமைத்தது’. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் ‘பாரம்பரியம்’ என்று சுருங்கியது. பச்சைப் புதரில் வாழும் சிவப்பு வண்டுகளில் ஒன்று பச்சையாகப் பிறக்கிறது. காகத்தின் கண்ணுக்குச் சிவப்பு வண்டு எளிதில் படுகிறது, பச்சை தப்பிக்கிறது. தலைமுறைகளில் பச்சை வண்டுகள் பெருகுகின்றன. இயற்கைத் தேர்வை ஒரே பக்கத்தில் புரியவைத்த இந்த எடுத்துக்காட்டு போயிற்று. ஒரே காட்டு முட்டைக்கோஸிலிருந்து விவசாயிகள் காலிஃபிளவரையும் ப்ரோக்கோலியையும் தேர்ந்தெடுத்து வளர்த்த கதையும் போயிற்று. புதைபடிவம், மனிதப் பரிணாமம் ஆகியவையும் நீக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

பாடச்சுமையைக் குறைக்கவே நீக்கினோம் என்ற அரசுத் தரப்பின் விளக்கத்தையும் எடைபோட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமத்துக்குத் தனி அத்தியாயம் தொடர்கிறது. தனிம வரிசை அட்டவணையும் அதே வீச்சில் பத்தாம் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதை மத நோக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே இந்த நீக்கத்தை நேரடியாகப் படைப்புவாதத்தின் கணக்கில் எழுதப் போதிய ஆதாரம் பொதுவெளியில் இல்லை.

ஆனால் விளைவு நோக்கத்தைப் பொறுத்ததல்ல. பத்தாம் வகுப்போடு எல்லோருக்கும் பொதுவான அறிவியல் முடிகிறது. பதினொன்றில் வணிகவியலோ வரலாறோ கணினியோ எடுக்கும் மாணவர் உயிரியல் நூலைத் திறக்கப்போவதில்லை. ஆக, பரிணாமம் எல்லோருக்குமான அறிவு என்ற நிலையிலிருந்து உயிரியல் மாணவருக்கு மட்டுமான பாடமாக இறங்கிவிட்டது. தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனிப் பாடமே உண்டு. ஒரே தெருவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கும் மத்திய வாரியப் பள்ளிக்கும் போகும் இரண்டு பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில் வெவ்வேறு அறிவோடு பள்ளியை முடிக்கிறார்கள்.

அச்சிட்டதெல்லாம் நடத்தப்படுகிறதா?

பாடநூலில் இருந்தாலே போதும் என்பதும் உறுதியில்லை. அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் மைக்கேல் பெர்க்மனும் எரிக் ப்ளட்ஸரும் 926 உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. பரிணாமத்தைத் தயக்கமின்றி முறையாக நடத்தியவர்கள் சுமார் 28 சதவீதம். படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தவர்கள் சுமார் 13 சதவீதம். மீதி ஏறக்குறைய 60 சதவீதத்தினர் சர்ச்சையைத் தவிர்த்து மேலோட்டமாகக் கடந்தார்கள். தேர்வுக்குத் தேவை, எழுதிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை என்ற பாணி அது.

நிலைமை தேங்கி நிற்கவில்லை. 2019-இல் திரும்ப எடுத்த ஆய்வில், பரிணாமத்தின் மீதான அறிவியல் ஒருமிப்பை வலியுறுத்தி, படைப்புவாதத்துக்கு இடம் தராமல் நடத்தியவர்கள் 67 சதவீதம். முதல் ஆய்வு நடந்த 2007-இல், இதே அளவுகோலில் அது 51 சதவீதம். கல்வித்தரங்கள் திருந்தியதும் ஆசிரியர் பயிற்சி மேம்பட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பொதுமக்கள் கருத்து மெதுவாகவே நகர்கிறது. மனிதர் இன்றைய வடிவிலேயே கடவுளால் படைக்கப்பட்டார் என்போர் 1982 காலப் கணிப்பில் 44 சதவீதம், 2024-இல் 37 சதவீதம்.

எஞ்சி நிற்பவை

உயிர்கள் பரிணமித்தனவா என்பது இன்று திறந்த கேள்வி அல்ல. படைப்புவாதத்தை அறிவியல் பாடமாக வைப்பதற்கான வாதங்கள் ஒவ்வொரு வடிவத்திலும் ஆராயப்பட்டு, சான்று என்ற அளவில் தோற்றிருக்கின்றன. நீதிமன்றத்தில் வென்ற தரப்பு அறிவியலிலும் சரியான தரப்பு என்பதில் ஐயமில்லை.

திறந்திருப்பவை வேறு. முதலாவது, பொதுப் பாடத்துக்கான உரிமை யாருடையது என்பது. பிரையனின் விடை தவறு, கேள்வி செல்லுபடியாகும். நிபுணர் குழுக்கள் காரணத்தைப் பொதுவில் வைக்காமல் முடிவெடுக்கும்போது அவர்களும் அதே கேள்விக்கு ஆளாகிறார்கள். இரண்டாவது, வயது. இங்கிலாந்து 2014 முதல் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பிலேயே பரிணாமத்தைக் கற்பிக்கிறது. துருக்கி பதினைந்து வயதுக்கு அது கடினம் என்றது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எனினும் எந்த வயதில் எந்த ஆழம் என்பது பற்றி இந்திய மொழி வகுப்பறைகளில் செய்த ஆய்வுகள் தேவைப்படுகின்றன. மூன்றாவது, நம்பிக்கையோடு வரும் மாணவரை எப்படி எதிர்கொள்வது என்ற ரைஸின் கேள்வி. ஆசிரியர் பயிற்சியில் அதற்கு இடம் இருந்தால்தான் பெர்க்மனும் ப்ளட்ஸரும் கண்ட அந்தத் தயங்கும் பெரும்பான்மை குறையும்.

நான்காவதற்கு இன்னும் சட்ட மொழிகூட இல்லை. சேர்த்ததை எதிர்த்து வழக்குத் தொடுக்க அமெரிக்க அரசமைப்பில் வழி இருந்தது. விட்டதை எதிர்த்து எந்த நாட்டிலும் எளிதில் வழக்காட முடிவதில்லை. பாடச்சுமை, வயது, சந்தை ஆகிய காரணங்களில் எதையும் நீதிபதியால் குற்றமாகக் காண இயலாது. கொரியாவில் மாற்றத்தைத் திருப்பியது நீதிமன்றம் அல்ல. செய்தி உரிய நேரத்தில் வெளியானதும், பொறுப்பு அறிவியலாளரிடம் போனதும்தான்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் அடிப்படையில் புதிய பாடநூல்கள் படிப்படியாக எழுதப்பட்டு வருகின்றன. அவற்றில் பத்தாம் வகுப்புக்குள் பரிணாமம் திரும்புகிறதா, திரும்பினால் மனிதப் பரிணாமம் அதில் அடங்குமா, திரும்பாவிட்டால் அதற்கான காரணத்தை எந்தக் குழு எந்த ஆய்வின் பேரில் சொல்கிறது என்பவை பார்க்கப்பட வேண்டியவை. அந்தக் காரணம் எழுத்தில் வெளியானால் மட்டுமே ஆசிரியர்களாலும் பெற்றோராலும் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.